ஏழாம் ஹாலின் பத்து மதிப்பெண்

மாரீஸ்வரிக்கு ஓடைப்பட்டி. திராட்சைத் தோட்டம் பார்க்கும் கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். சின்னமனூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பதிமூன்று வருடமாக உத்தமபாளையம் பக்கம் உள்ள ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறார். சுயநிதிப் பிரிவில் புள்ளியியல் விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் வேலைக்குப் புது உத்தரவு வர வேண்டும். வரும் வரைக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

இந்த ஏப்ரலில் அவருக்குத் தொடர்ந்து ஆறு நாள் தேர்வறைக் கண்காணிப்பு போட்டிருந்தார்கள், காலையும் மதியமும். மூன்று பேர் விடுப்பில் இருந்ததால் அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறுநாள் காலை வரை மறையவில்லை.

ஆறாம் நாள் மதியம் முதலாமாண்டுப் பொதுத்தாள். வணிகவியல், நிர்வாகவியல், பொருளாதாரம் மூன்று துறைக்கும் ஒரே வினாத்தாள்: அடிப்படைப் புள்ளியியல். மொத்தம் இருநூற்று எண்பது பேர், ஒன்பது ஹால். மாரீஸ்வரிக்கு ஏழாம் ஹால்.

ஆரம்பித்து அரை மணி நேரத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி. காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். அவளைத் தாங்கிப் பிடித்தபடி வராந்தாவில் நிற்கும்போதுதான் அலுவலக உதவியாளர் அழகர் ஒரு தாளோடு வந்தார்.

"மேடம், ஒரு கையெழுத்து. தேர்வு ஆபீஸ்ல இருந்து குடுத்தாக."

ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார். அழகர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு எட்டாம் ஹாலுக்குப் போனார். சீட்டை வினாத்தாள் கவருக்குள் செருகிய மாரீஸ்வரி, அந்தப் பெண்ணுக்கு முகம் கழுவிவிட்டு, தரையைத் துடைக்க ஆள் கூப்பிட்டு, உள்ளே வந்து கூடுதல் தாள் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். சீட்டு மறந்தே போயிற்று.

நான்கு நாள் கழித்துத் திருத்தும் வேலை தொடங்கியது. ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்குச் சில கேள்விகளாகத் திருத்துவது அந்தக் கல்லூரியின் வழக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. பதிவெண்ணைக் கிழித்துவிட்டு வேறு எண் போட்டிருந்தாலும், கட்டுகள் ஹால் வாரியாகத்தான் வரும். மாரீஸ்வரிக்கு இரண்டு மதிப்பெண் கேள்விகள். ஒரே பத்து விடைகளை இருநூற்று எண்பது கையெழுத்தில் படிக்க வேண்டும். இரண்டாம் நாள் மதியத்துக்குள் எழுத்துகள் கலங்க ஆரம்பித்தன. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிட்டது.

எதிரில் உட்கார்ந்திருந்த சுரேஷ்கண்ணன் பேனாவை மூடினார். தேர்வு நாளில் வேறு ஊருக்குப் போயிருந்தவர் அவர். கையில் விடைக்குறிப்பு மட்டும் இருந்தது.

"மேடம், ஏழாம் ஹால் நீங்களா?"

"ஆமா சார்."

"சராசரி கணக்கு, பத்து மார்க். முப்பத்திரண்டரை வரணும், மத்த கட்டுகள்ல அப்பிடித்தான் வந்திருக்கு. இந்தக் கட்டுல இருபத்துநாலு பேரு முப்பதுன்னு எழுதிருக்காக. எவனோ ஒருத்தன் பதினாறை ஆறுன்னு எழுதிட்டான், அம்புட்டுப் பேரும் அவனப் பாத்து இறக்கியிருக்காக."

"என் ஹால்ல யாரும் திரும்பிக்கூடப் பாக்கல சார்."

"நான் புகாரா எழுதிக் குடுத்துர்றேன். சாப்பாட்டுக்கு மேல சீனிச்சாமி சார் பாத்துக்கிரட்டும்."

சீனிச்சாமிதான் தேர்வுக் கட்டுப்பாட்டாளர். மாரீஸ்வரிக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் கிடந்த வினாத்தாளை இழுத்துப் பார்த்தார். அட்டவணையில் ஆறு என்றுதான் அச்சாகியிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் முப்பது, சுத்தமாக வருகிறது. அப்படியானால் மற்ற ஹால்களில் எப்படி முப்பத்திரண்டரை வந்தது?

அப்போதுதான் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவே இல்லை. படிக்காமலே இப்போது தெரிந்துவிட்டது: அச்சுப்பிழை, ஆறைப் பதினாறு என்று திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற ஹால்களில் சொல்லியிருக்கிறார்கள், ஏழாம் ஹாலில் இவர் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெபஷீலா, அதே துறையில் மூன்று வருடம் முன்பு சேர்ந்தவள். அவளிடம் மட்டும் சொன்னார்.

ஜெபஷீலா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஜூன்ல உத்தரவு வரணும். ஹால்ல சொன்னேன், பிள்ளைக கவனிக்கலன்னு சொல்லிருங்க. யாரு கேக்கப் போறா?"

மாரீஸ்வரியின் நினைப்பு ஏழாம் ஹால் பிள்ளைகள்மேல் போயிற்று. தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் விடையை ஒத்துப் பார்த்திருப்பார்கள். தங்களுக்குத்தான் தப்பாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருப்பார்கள். ஒருவர்கூடத் திரும்பி வந்து கேட்கவில்லை. இப்போது அவர்கள்மேல் காப்பியடித்த பழியும் விழப்போகிறது. டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.

நேராகச் சீனிச்சாமி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அன்று அழகர் கையெழுத்து வாங்கிய சுற்றறிக்கையைச் சீனிச்சாமி கோப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஏழாவது வரியில் மாரீஸ்வரியின் கையெழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"வாசிக்காமயா கையெழுத்துப் போட்டீக?"

"ஆமா சார்."

"ஒரு பிள்ளைக்கு முடியலன்னு அழகர் அன்னைக்கே சொன்னாரு. அத எழுதுங்க."

"எழுதுறேன் சார். ஆனா அந்தப் பிள்ளையால மறக்கல. உள்ள வந்தப்பறம் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. எனக்கு அசதி. அதையும் எழுதவா?"

சீனிச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் தூக்கம் போதாத கண்கள்தான். "அசதின்னு எழுதாதீக. கவனக்குறைவுன்னு எழுதுங்க," என்றார்.

மாலைக்குள் அச்சுப்பிழைக்கான குறிப்பு வந்தது: ஏழாம் ஹாலில் முப்பது என்று எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண். சுரேஷ்கண்ணன் தன் புகார்த் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கட்டை மறுபடி அவிழ்த்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. மாரீஸ்வரி எதிரில் உட்கார்ந்து, அவர் திருத்தித் தரத் தர ஒவ்வொரு தாளிலும் பழைய கூட்டலை அடித்துப் புதிதாகக் கூட்டிக் கையெழுத்திட்டார். பதினொரு தாள்கள் தோல்வியிலிருந்து தேர்ச்சிக்கு வந்தன. எண்கள்தான் இருந்தன, யார் யார் என்று தெரியாது.

ஜூன் கடைசியில், மற்றவர்களுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, அவருக்கும் உத்தரவு வந்தது. நவம்பர் தேர்வுக்கான கண்காணிப்புப் பட்டியலை ஒட்டியபோது அதில் அவர் பெயர் இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தார்.

"விடுங்கக்கா. கால் வலிக்கு ரெஸ்ட்டுன்னு வச்சுக்கங்க," என்றாள் ஜெபஷீலா.

உண்மையில் மனசுக்குள் முதலில் வந்தது அந்த நிம்மதிதான். அதற்குப் பின்னால்தான் அவமானம் வந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு மாரீஸ்வரி மாடிப்படி ஏறினார். இரண்டாவது பீரியடுக்கு மணி அடித்துவிட்டிருந்தது.