மூன்று மணிக்கு வரும் ஸ்ரெச்சர்

சிட்னி விமான நிலையத்தில் சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் நான் முதலில் கண்டது தம்பியின் இடது புருவத்தை. அதில் நாலு தையல். கட்டிப்பிடிக்க வந்தவனை அப்படியே நிறுத்தி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கொழும்பு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் வேலை செய்கிற என்னைப் போன்ற டொக்டருக்கு, தையலைப் பார்த்தால் போட்ட கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். இது மனிதருக்குத் தையல் போடுகிற கை இல்லை.

“ஆரடா இதைத் தைச்சது?”

“எங்கட கிளப்பில ஒருத்தர், அக்கா. வெற்.”

“வெற் எண்டா?”

“மாட்டு டொக்டர். நல்ல மனுசன். காசே வாங்கேல்லை.”

என் அவுஸ்திரேலியப் பயணம் இப்படிக் கோபத்தோடுதான் தொடங்கியது. துறைமுகப் பாலத்தையும் புதிதாகத் திறந்திருக்கும் ஒபரா மண்டபத்தையும் பற்றி வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இரண்டையும் பார்த்தேன். பாலம் பெரியது, மண்டபம் வெள்ளை. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை.

தம்பி குமரன் ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறான். நகரத்துக்கு ரயிலில் அரை மணிநேரம். வாடகை வாரத்துக்கு முப்பது டொலர். யூலை மாதம் அங்கே குளிர்காலம். குசினிக்குள் நின்று பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. பகலில் ஓர் அலுவலகத்தில் பாலங்களுக்குப் படம் வரைகிறான். சனிக்கிழமைகளில் ரக்பி விளையாடுகிறான். கொழும்பில் பள்ளிக்கூட ரக்பி அணியிலும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பந்தோடு ஓடுகிறவனாக இருந்தான். கால் நீளம், கழுத்தும் நீளம், உடம்பில் சதை கிடையாது. ஓடுகிறவனுக்கு அது போதும்.

முதல் சனிக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஹோம்புஷிலிருந்து காரில் இருபது நிமிடம், பரமற்றா ஆற்றோரமாக ஒரு மைதானம். சுற்றிவரக் கார்களைப் புல்லில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தபடியே ஆட்டம் பார்க்கிறார்கள். தங்கள் பக்கம் புள்ளி எடுத்தால் ஹோர்ன் அடிக்கிறார்கள். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றை முப்பது சதத்துக்குச் சூடாக வாங்கித் தந்தார்கள். சேலைக்கு மேல் தம்பியின் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றேன். வந்தவர் போனவர் எல்லோரும் சிரித்து வணக்கம் சொன்னார்கள். இவர்களைக் கெட்டவர்கள் என்று எழுத முடிந்தால் இந்தக் கட்டுரை எனக்குச் சுலபமாக முடிந்திருக்கும்.

அந்தக் கிளப்பில் மூன்று அணிகள். மத்தியானம் மூன்றாம் அணி, பிறகு இரண்டாம் அணி, மூன்று மணிக்கு முதல் அணி. குமரன் மூன்றாம் அணி. மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அடிபட்டவரைத் தூக்கிப் போகிற ஸ்ரெச்சர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தொழில் பழக்கம்.

“முதலுதவிக்காரர் மூண்டு மணிக்குத்தான் வருவினம், அக்கா. ஸ்ரெச்சரும் அவையோடதான் வரும்.”

“அப்ப உங்களுக்கு?”

“எங்களுக்கு வாளி இருக்கு.”

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே ஒரு வாளி இருந்தது. அதில் குளிர்ந்த தண்ணீர், ஒரு பெரிய ஸ்பொஞ்ச். அதற்குப் பொறுப்பாக வயிறு பருத்த ஒருவர், கையில் சிகரெட். இந்த ஊரில் கழுத்துக்கும் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள்: முதல் தரக் கழுத்து, இரண்டாம் தரக் கழுத்து, மூன்றாம் தரக் கழுத்து.

ரக்பி பார்த்திராதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். முன்வரிசையில் மூன்று மூன்று பேர் தோளோடு தோள் பிணைந்து, குனிந்து, எதிராளியின் தலைகளுக்கு இடையில் தலையைச் செருகுவார்கள். மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். நடுவில் இருப்பவனின் இரண்டு கையும் பக்கத்தில் இருப்பவர்களின் தோளில் இருக்கும். ஸ்க்ரம் இடிந்து விழுந்தால் அவன் கையூன்ற முடியாது. தலைதான் முதலில் நிலத்தில் குத்தும். அந்த நடு இடத்துக்கு வருடக் கணக்கில் பழகிய கட்டையான, தடித்த கழுத்து வேண்டும்.

மூன்றாம் அணியின் நடு ஆள் கெவின். பேக்கரிப் பாண் வண்டி ஓட்டுகிறவன், குமரனின் பக்கத்துப் பிளாட்காரன். அவன்தான் தம்பியைக் கிளப்புக்குக் கூட்டிவந்தவன். ஆட்டம் தொடங்கி அரை மணிநேரம் ஆகியிருக்கும். என் கண்ணுக்கு முன்னால், வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்க்ரம் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். ஒவ்வொருவராகச் சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். கெவின் எழவில்லை.

வாளிக்காரர் ஓடினார். ஸ்பொஞ்சை அவன் பிடரியில் வைத்துப் பிழிந்தார். பிறகு, கடவுளே, இரண்டு அக்குளுக்குள்ளும் கைகொடுத்து அவனைத் தூக்கினார்.

“தூக்காதேங்கோ!” என்று கத்தினேன். தமிழில் கத்துகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்திலும் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கெவின் கைகள் இரண்டும் தொங்கியபடி வேலியை நோக்கி நடந்தான். அவன் நடக்க நடக்கச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கார்கள் ஹோர்ன் அடித்தன. அது அவர்களுடைய வழக்கம். அடிபட்டவன் தன் காலில் நடந்து வெளியே வரவேண்டும், வந்தால் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவன் நடந்தான். அது மட்டும் இல்லாவிட்டால் படுத்த இடத்தில் அசையாமல் கிடந்திருப்பான்.

வேலியடிக்கு வந்ததும், “கை மரத்துப் போச்சு” என்றான். உடனே முழங்கால் மடிந்தது. நான் வேலிக்குக் கீழால் புகுந்து, நிற்கிறவர்களைத் தள்ளிவிட்டு, அவனை மல்லாக்கக் கிடத்தினேன். சேற்றில் முழங்காலிட்டு, அவன் தலையை என் இரண்டு கைக்கும் நடுவில் அசையாமல் பிடித்தேன். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் அவன் கைவிரலைக் கிள்ளச் சொன்னேன். கெவினுக்கு அது தெரியவில்லை. “இதை விட்டு நான் அசைய மாட்டேன், அம்புலன்சைக் கூப்பிடுங்கள்” என்றேன். தொலைபேசி இருந்த கிளப் கட்டடத்தின் சாவி பொருளாளரிடம் இருந்தது. அவர் முதல் அணியைப் பார்க்கத்தான் வருவார். தொலைபேசி தேடி ஒருவர் காரில் போனார்.

அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. பதினைந்து பேரில் பதினான்கு பேர்தான் மிச்சம். அணித் தலைவன் ஓரத்தில் நின்ற குமரனின் முதுகில் தட்டி, கையை நடுவை நோக்கிக் காட்டினான். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தம்பி தலையாட்டிவிட்டு நடுவுக்கு ஓடினான்.

“குமரன், வேண்டாம்! உனக்குப் பழக்கமில்லை! வெளியால வா!”

அவன் திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டினான், பேசாமல் இருங்கோ என்று.

நடுவர் பக்கத்தால் ஓடினார். “அந்தப் பையனை நடுவில் விடாதீர்கள், அவன் ஒருநாளும் அங்கே நின்றவனில்லை” என்றேன்.

“யாரை எங்கே நிறுத்துவது என்பது கப்டனின் விஷயம், மேடம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவர் ஓடிப்போனார்.

எனக்கு அந்த நேரம் எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. கையை எடுத்தால் கெவினின் தலை சரியும். எடுக்காவிட்டால் என் தம்பி அந்தக் குவியலுக்குள் போகிறான். கெவினின் கண்கள் கீழிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் கையை எடுக்கவில்லை. ஸ்க்ரம் கூடியது, தள்ளியது, இடிந்தது. அடியில் குமரனின் நீளமான கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அவன் எழுந்தான், வாயெல்லாம் சேறு, சிரித்துக்கொண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நிமிடம் அங்கே நின்ற ஒவ்வொருவரையும் அறையலாம் போலிருந்தது. என் தம்பியைத்தான் முதலில்.

அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் கழுத்தின் இருபக்கமும் மணல் மூட்டை வைத்துக் கட்டியபடி, “இவரை யார் தூக்கி நிறுத்தியது?” என்று கேட்டார்கள். வாளிக்காரர் தூரத்தில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து கிளப் கட்டடத்தில் என்னைக் கதிரையில் இருத்தி, ஷெரி ஊற்றித் தந்து, “லேடி டொக்டருக்கு” என்று மூன்று தரம் ஆர்ப்பரித்தார்கள். கிளப் தலைவர் காப்புறுதி விற்கிறவர், வெள்ளைத்தலை, மிகவும் இனிமையான மனிதர்.

“எங்கள் கிளப்பில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை” என்றார்.

“நடக்கும் வரைக்கும் எங்கேயும் நடந்திருக்காது” என்றேன்.

“அவன் தன் காலில்தானே நடந்து வந்தான், நீங்களும் பார்த்தீர்களே.”

“அதுதான் பிழை. நீங்கள் நடக்க வைத்தீர்கள்.”

அவர் என் தோளில் தட்டி, களைத்துப் போயிருக்கிறீர்கள் என்றார். ஷெரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கெவினின் கால்விரல்கள் அசைந்தன. கைகள் அசையவில்லை. கழுத்து அசையாமலிருக்க மண்டையோட்டில் கொக்கி போட்டுப் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் மனைவி என்னை நடைபாதைக்கு அழைத்து, “விழுந்ததாலா, தூக்கினதாலா?” என்று கேட்டாள். டொக்டராக என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எவராலும் முடியாது. இந்த நிச்சயமின்மைக்குள்தான் அந்தக் கிளப் முழுவதும் ஒளிந்து நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை பயிற்சி. மெல்பேர்ணில் கிளென் வேவர்லியில் இருக்கும் சிநேகிதியிடம் போவதாக இருந்தேன். அதை நிறுத்திவிட்டு மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளர் தண்ணீர்க்குழாய் வேலைக்காரர். அவரிடம், முன்வரிசைக்குப் பழகாதவனை அங்கே நிறுத்தாதீர்கள், பழகியவன் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தள்ளாமல் ஆடுங்கள், விழுந்தவனைத் தூக்காதீர்கள், ஸ்ரெச்சரை முதல் ஆட்டத்துக்கே கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தள்ளாத ஸ்க்ரம் என்றதும் மட்டும் சிரித்தார். “அது ரக்பி இல்லையே, மேடம்.” கமிட்டியில் பேசுகிறேன் என்றார். கமிட்டி ஏற்கெனவே கூடி, ஆட்டுக்காலைப் பரிசாக வைத்து அதிர்ஷ்டச் சீட்டு விற்றுக் கெவினுக்காகக் காசு சேர்க்க முடிவு செய்திருந்தது. அவனுடைய வீட்டுப் புல்லை முறைபோட்டு வெட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்கள். விழுந்த பிறகு இவர்களைப் போல் தாங்குகிறவர்களை நான் எங்கேயும் கண்டதில்லை. விழாமல் பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

திரும்பி வந்து குமரனோடு சண்டை பிடித்தேன். புதிதாக வாங்கிய கலர் ரெலிவிஷனை அவன் போட, நான் நிறுத்த, பாதி இரவுச் சாப்பாடு அப்படியே போனது.

“இனி அங்க போகமாட்டன் எண்டு சொல்லு.”

“ஏலாது, அக்கா.”

“ஏன் ஏலாது? உன்ர கழுத்து என்ன வாடகைக் கழுத்தே?”

“ரெண்டு வருசமா ஒபிசில ஒருத்தரும் என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறியா எண்டு கேக்கேல்லை. கெவின்தான் வீட்டுக்கதவைத் தட்டிக் கேட்டவன், விளையாட வாறியா எண்டு. அவங்கள் நடுவில நில் எண்டு கேக்கேக்க, எனக்கு அந்த இடம் பழக்கமில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“வாயைத் திறந்து சொல்லுறது.”

“நீங்கள் டொக்டர். உங்களுக்கு எங்க போனாலும் கதிரை போடுவினம். எனக்கு இதுதான் கதிரை.”

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. நமது ஆட்கள் எங்கே போனாலும் இதே கதைதான். கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் போதும், என்னத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கவே மாட்டோம்.

நாம் மட்டும் திறமோ என்று யாராவது கேட்கலாம். இல்லை. தென்னையிலிருந்து விழுந்தவர்களை வாடகைக் காரில் இருத்தி, தலை ஆட ஆட, என் வார்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அவர்களையும் ஏசித்தான் அனுப்புகிறேன். ஆனால் அங்கே ஸ்ரெச்சருக்கு வழியில்லை. இங்கே ஸ்ரெச்சர் இருக்கிறது. மூன்று மணிக்கு முன்னால் வர அதற்கு மனமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விமான நிலையம். குமரன் காரின் பின்பெட்டியைத் திறந்தான். என் பெட்டிக்குப் பக்கத்தில் அவனுடைய விளையாட்டுப் பை.

“இது ஏன்?”

“உங்களை ஏத்திப்போட்டு அப்பிடியே மைதானத்துக்குப் போறன்.”

“அங்க எந்த இடத்தில நிக்கிறதுக்கு?”

அவன் என் பெட்டியைத் தூக்கினான். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பெட்டியைத் தராசில் வைத்து, அதற்கு மேல் அவனுடைய பையையும் வைத்தேன். அங்கே பெட்டிகளை ஏற்கிற பெண் இரண்டுக்கும் சீட்டுக் கட்டினாள். சப்பாத்து, சட்டை, எல்லாம் கொழும்புக்கு. அவன் தடுக்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். உள்ளே போகும் வாசலில் முதல் தடவையாக அவனைக் கட்டிப்பிடித்தேன்.

“கோவிக்காதேங்கோ, அக்கா” என்றான். “கெவின்ர சப்பாத்து கிளப்பில கிடக்கு. எனக்கு அளவு. அவன்தான் போடச் சொன்னவன்.”

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.