அக்கா தேடிய பெயர்கள்

சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவி. அக்காவின் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால், தூசியோடு தூசியாகக் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை அக்கா அழைத்தாள். "கம்ப்யூட்டர்ல ஒரு பேஜும் தொறக்க மாட்டேங்குது. அத்தான் வேலைக்குப் போயிட்டாரு. நீ வந்து பாரேன்லா." வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவர் அத்தான். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். அதிர்ந்து பேசாதவர், கோயில் கமிட்டியில் எல்லோரும் மதிக்கிறவர். கணினி வலையமைப்பே என் பிழைப்பு என்பதால் என்னிடம் தனிப் பிரியமாகப் பேசுவார். நானும் அவரை மதித்தேன்.

நான் குடியிருக்கும் காஜாங்கிலிருந்து போய்ப் பார்த்தேன். இணைய இணைப்பு இருந்தது. எண் முகவரியைக் கொடுத்தால் பதில் வந்தது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை. பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருகிற டிஎன்எஸ் சேவைதான் நின்றுபோயிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பைத் திறந்தேன். ரவுட்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், வீட்டுக்குள்ளேயே இருக்கும் வேறொரு கருவியின் முகவரி. திருத்தப் பார்த்தேன், ஏற்கவில்லை. யாரும் மாற்ற முடியாதபடி கோப்பு பூட்டப்பட்டிருந்தது.

"காலையில எதையாவது கழட்டினியாக்கா?"

"அயர்ன் போட ஒரு பிளக்க புடுங்கினேன். அவ்வளவுதான்."

அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் கறுப்புக் கருவி அகப்பட்டது. மின்சாரம் கொடுத்து உள்ளே நுழைந்தேன். அக்கா எந்தத் தளத்தை எந்த நிமிடம் தேடினாள் என்று மாதக்கணக்கில் பதிவாகியிருந்தது. விவாகரத்து வழக்கறிஞர், பெண்கள் உதவி மையம், வாடகை அறை. இவற்றை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்து, பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தார் அத்தான். 'மறுபடியும்.' 'நான் குளிக்கும்போது.'

அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "நான் மனசுல நெனக்கிறத சாப்பிடும்போது சொல்லுவாரு. லாயர் ஆபீஸ் வாசல்ல நிக்கிற பொம்பளைக்கு மானம் இல்லன்னு. சாமிதான் அவருக்குக் காட்டிக் கொடுக்குதுன்னு பயந்து கெடந்தேன்."

முந்தைய வருடம், தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டே, "வைரஸ் சைட்ட தடுக்கணும்மா" என்று அத்தான் கேட்டபோது, இப்படியொரு கருவியை வைப்பது, பதிவுகளைச் சேமிப்பது, கோப்பைப் பூட்டுவது என்று எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்து காட்டியவள் நான். பெருமையாகக் காட்டினேன். உதாரணத்துக்கு நான் எழுதிய கடவுச்சொல்லைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக உள்ளே போக முடிந்தது.

மாலையில் வந்தவர் குரலை உயர்த்தவில்லை. "என் வீடு, என் லைன். நான் பாக்கக்கூடாதா?" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீதானேம்மா சொல்லிக்கொடுத்த."

எச்சில் பட்டதுபோல் உடம்பெல்லாம் கூசியது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். அறைக்குள் போய்த் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். அன்றிரவே என் காரில் காஜாங் வந்துவிட்டாள்.

விவாகரத்து வழக்கு முடிந்துவிட்டது. இப்போது அக்கா கிள்ளானில் தனியாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். போன மாதம் புதுக் கணினி வாங்கினாள். நான் அமைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்லா. கடையிலயே பண்ணிக் கொடுத்துட்டாங்க," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே, திரையை எனக்குத் தெரியாதபடி மெல்லத் திருப்பினாள்.