தேன்மொழி என்ற பெயரில் ஒரு கணினி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கணினியில் வேலை பார்ப்பவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான் என் நம்பிக்கை. நீங்கள் சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது பட்டப்பகலில், விருத்தாசலம் செராமிக் பேட்டையில், நான் வேலை பார்க்கும் கம்பெனியில் என் கண்ணெதிரே நடந்தது.

பியூஸ் கட்டையும் பொம்மையும் சுடுகிற சின்னக் கம்பெனி. இரண்டாவது சூளையைப் பார்த்துக்கொண்டவர் சேகர் அண்ணன். சூளையின் சூட்டை அவ்வப்போது கணினியில் ஏற்றுவார். குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதில் சூளையைப் பற்றித்தான் எழுத வேண்டும், அவரோ ‘கலாகிட்ட சாவி வாங்கணும்’, ‘டீ சொல்லணும்’ என்று மனதில் வந்ததையெல்லாம் அதில்தான் எழுதுவார். கலாக்கா அவர் மனைவி, அதே கம்பெனியில் பொம்மை பேக்கிங். அந்தக் குறிப்புகளை வைத்து நாங்கள் இரண்டு பேரையும் கேலி செய்யாத நாளில்லை.

போன வருஷம் ஒரு காலையில் அவர் ஊரான கம்மாபுரத்திலிருந்து பைக்கில் வரும்போது லாரி மோதி அண்ணன் போய்விட்டார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஊர் நிலத்தை எடுக்கப் போகிறார்கள், டவுனுக்கே குடிவந்துவிடலாம் என்று கலாக்கா, மாட்டேன் என்று இவர், அன்று காலை அதில் சண்டை. “போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லலியே ரேவதி, என்னிக்கும் சொல்லாம வூட்ட வுட்டு எறங்க மாட்டாரு” என்று அக்கா இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். இரண்டாவது சூளையை அதற்குப் பிறகு யாரும் பற்றவைக்கவில்லை.

இந்தச் சித்திரையில் புதுக் கணினி வந்தது. பதிவுகள் எல்லாம் இருக்கும் தரவுத்தளத்தோடு அதை இணைக்க வேண்டும். கடவுச்சொல் அண்ணன் வைத்தது: நடுவில் ஒரு @, அதன் பின்னால் மகள் தேன்மொழியின் பெயர். இணைப்பு வரியில் @ குறிக்குப் பின்னால் வருவது தரவுத்தளம் இருக்கும் கணினியின் பெயர், அதனால் கடவுச்சொல்லில் உள்ள @ குறியை அப்படியே போடக் கூடாது, %40 என்று மாற்றி எழுத வேண்டும். மாற்றாவிட்டால் கடவுச்சொல் அங்கேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, தேன்மொழி என்ற பெயரில் ஒரு கணினியைத் தேடிப் போகும். அப்படி ஒரு கணினி எங்கள் கம்பெனியில் கிடையாது. சாப்பாட்டு நேர அவசரத்தில் நான் மாற்றாமல் போட்டுவிட்டேன், பிழை என்று வந்திருக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், இணைந்துவிட்டது.

திரையில் இரண்டாவது சூளை ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷத்துத் தேதி இல்லை, அன்றைய தேதி, சூடு ஏறிக்கொண்டே போகிறது, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் சூளை வாயில் ஒட்டடை. குறிப்புக் கட்டத்தில் ‘தீ சரியா இருக்குது’ என்று ஒரு வரி. நான் பார்க்கப் பார்க்க அடுத்த வரி விழுந்தது: ‘கலாகிட்ட சொல்லணும்’.

அப்போதுதான் அந்த @ கண்ணில் பட்டது. தப்பைக் கண்டால் திருத்திவிட்டுத்தான் மூச்சு விடுவது எங்கள் தொழில் பழக்கம், யோசிக்கவே இல்லை, இணைப்பைத் துண்டித்து %40 போட்டுச் சேமித்துவிட்டேன். வழக்கமான பழைய பதிவுகள் வந்தன. இரண்டாவது சூளைக்கு அண்ணனின் கடைசி நாளுக்குப் பிறகு எதுவுமே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று தெரிந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கலாக்காவிடம் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, “அந்தத் தப்ப இன்னொரு வாட்டி பண்ணிப் பாரேன் ரேவதி” என்றார்.

பண்ணினேன். எத்தனையோ முறை பண்ணிவிட்டேன். அப்படி ஒரு கணினி இல்லை என்றுதான் வருகிறது. நான் தனியாக இருந்தால் எண்டரைத் தட்டிய கையோடு வந்துவிடுகிறது. கலாக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றால் மட்டும் திரை கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, பிறகுதான் இல்லை என்கிறது. ஒயரை மாற்றிப் பார்த்தேன், கணினியை மாற்றிப் பார்த்தேன், காரணம் கிடைக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அக்கா தினமும் சாப்பிட்டு முடித்ததும் வந்து நிற்கிறார்.