மெம்பர் தேசப்பன் வழிமொழிகிறார்

தீர்மானத்தின் கடைசி வரிக்கு வரும்போது கோதண்டத்தின் குரல் சற்றே இறங்கும். அந்த இறக்கத்தில் தேசப்பன் கண்ணைத் திறந்துவிடுவார். வாயோரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து அரையடி எழும்பி, "வழிமொழியறேன்" என்பார். பிறகு உட்கார்ந்து அடுத்த இறக்கம்வரை தூங்குவார். கோதண்டம் எங்கள் பஞ்சாயத்து போர்டின் குமாஸ்தா. தேசப்பன் கடலோரக் குப்பத்தின் மெம்பர். எட்டு வருஷமாக இவர் குரல் இறங்குகிறது, அவர் கண் திறக்கிறது. இதற்கு எங்கள் ஊரில் நிர்வாகம் என்று பெயர்.

போர்டு ஆபீசும் போர்டு பள்ளிக்கூடமும் ஒரே ஓட்டுக் கட்டடம். நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நான் ஐந்தாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தபடியே அந்தப் பக்கத்துச் சங்கதிகளைக் கேட்டுவிடுவேன். தட்டியில் ஓர் ஓட்டையும் உண்டு. அதை நான் போடவில்லை.

தேசப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். வேட்டிக்கு மேல் சட்டை கிடையாது; நேரே கறுப்புக் கோட்டுதான். மூர் மார்க்கெட்டில் வாங்கியது. யாரோ நெட்டை வெள்ளைக்காரனுக்குத் தைத்த கோட்டு போலிருக்கிறது. கையை இரண்டு மடிப்பு மடித்தும் விரல் நுனிதான் வெளியே தெரியும். கூட்ட நாளில் மீன் வாசம் வரக்கூடாதென்று கழுத்தில் சந்தனம் அப்பிக்கொண்டு வருவார். மீனும் சந்தனமும் சேர்ந்து வரும்.

அவர் மெம்பரானது இந்தக் கோட்டாலும் ஒரு கையெழுத்தாலும்தான். குப்பத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று போர்டு சொன்னபோது, குப்பத்துப் பெரிய தலைகள் கூடி, கையெழுத்துப் போடத் தெரிந்தவன் யார் என்று தேடினார்கள். தேசப்பன் சின்ன வயதில் ஹார்பரில் இரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர். கூலி வாங்கும் இடத்தில் பெயரை எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். பெயரைத் தவிர வேறெதையும் எழுதவோ படிக்கவோ தெரியாது. கோட்டும் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். போட்டியில்லாமல் ஜெயித்தார்.

அவர் வழிமொழிந்தவற்றைச் சொல்லி மாளாது. பிரசிடெண்ட் ஞானதுரையின் மிளகாய் மண்டி வாசலுக்கு நாலு விளக்குக் கம்பம், வழிமொழிந்தார். இன்னொரு மெம்பரின் மைத்துனருக்கு ரோடு கண்டிராக்ட், வழிமொழிந்தார். கடற்கரை ரோட்டில் கருவாடு காயப்போட்டால் அபராதம் என்ற தீர்மானத்தையும் அவரேதான் வழிமொழிந்தார். மறுநாள் முதல் அபராதம் கட்டியவள் அவர் மனைவி புஷ்பவல்லி. ஒரு முறை, காலமான பழைய மெம்பருக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுஷ்டித்தார்கள். அந்த மௌனத்தையும் பாதியில் வழிமொழிந்தார்.

குப்பத்தில் யாராவது விளக்கு என்றோ சாக்கடை என்றோ கேட்டால் அவருக்கு ஒரே பதில்: "பைலு மேலே போய்கீது." விரலையும் மேலே காட்டுவார். கேட்டவர்களும் ஒரு தரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

டீயும் வடையுமாகக் கூட்டம் முடிந்தபின் கோதண்டத்தின் மேஜையருகே போய் நிற்பார். அவர் பெயர் வரும் இடத்தை மட்டும் கோதண்டம் மினிட்டு புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்ட வேண்டும். "திரு. தேசப்பன் அவர்கள் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது." அந்த 'அவர்கள்' காதில் விழும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சிரிப்புக்கு ஆகும். குழாய் விவகாரம் சிரிப்புக்கு ஆகாது.

குப்பத்தில் குடிதண்ணீர் கிடையாது. மணலில் தோண்டும் ஊற்று மாசியிலேயே உப்புக் கரிக்க ஆரம்பித்துவிடும். பிறகு ரெயில்வே கேட் பக்கத்துக் குழாய்தான் கதி. பெண்கள் ஒரு மைல் நடந்து, இரண்டு ஜோடித் தண்டவாளத்தைத் தாண்டி, குடத்தோடு திரும்ப வேண்டும். போன வருஷம் மீன்காரி பவுனம்மாளின் மருமகள் நிறைமாதத்தில் தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. பவுனம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மூன்று நாள் போர்டு வாசலில் உட்கார்ந்தாள். ஒரு நாள் ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம்தான் குப்பத்துக்கு ஐந்து குழாய் என்று உத்தரவாயிற்று. சித்திரையில் இரும்புப் பைப்புகள் வந்து மணலில் இறங்கின. புஷ்பவல்லி முதல் பைப்புக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அந்த ஒரு மாதம் தேசப்பன் கோட்டைக் கழற்றவே இல்லை. பைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தாம் பேசித்தான் இது வந்தது என்றார்.

வைகாசிக் கூட்டத்தில் பதினேழாவது தீர்மானம் வந்தது. கோதண்டம் வாசித்தது எனக்குத் தட்டி வழியே தெளிவாகக் கேட்டது. ஊரின் எதிர்கால வளர்ச்சியை உத்தேசித்து, கடலோரப் பகுதிக்கென வந்த குழாய்களை மேற்கு விஸ்தரிப்புப் பகுதிக்கு மாற்றி அமைப்பதென்று தீர்மானம். மேற்கு விஸ்தரிப்பு என்பது பிரசிடெண்ட் ஞானதுரை வாங்கிக் கல் நட்டு வைத்திருக்கும் மனைகள். அன்றைக்கு அங்கே குடியிருந்தவை இரண்டு எருமைகள். கோதண்டத்தின் குரல் இறங்கியது. தேசப்பன் கண்ணைத் திறந்தார். நான் சுண்ணாம்புக் கட்டியோடு அப்படியே நின்றேன். தட்டியை விலக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் சம்பள இங்கிரிமெண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவரும் அந்த ஞானதுரைதான். நான் சொல்லவில்லை. தேசப்பன் சொன்னார்.

ஒரு வாரத்தில் வண்டிகள் வந்து பைப்புகளை ஏற்றிக்கொண்டு போயின. மஞ்சள் பூசிய பைப்பும் போயிற்று. குப்பத்துப் பெண்கள் முப்பது பேர், வண்டிகளின் பின்னாலேயே நடந்து, போர்டு ஆபீசுக்கு வந்தார்கள். முன்னால் பவுனம்மாள். கூட்டத்தில் புஷ்பவல்லியும் இருந்தாள். தேசப்பனையும் யாரோ இழுத்து வந்திருந்தார்கள்.

ஞானதுரை கோபப்படவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். மண்டியில் பேரம் பேசிப் பழகிய நிதானம் உண்டு. எல்லோரையும் உட்காரச் சொன்னார். மினிட்டு புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பதினேழாவது தீர்மானத்தைத் தாமே நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கடைசியில் புத்தகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பி விரலை வைத்தார்.

"ஒங்க மெம்பரே வழிமொழிஞ்சிருக்காவ. நான் தனியா என்னத்தச் செஞ்சேன்?"

முப்பது தலையும் திரும்பின. பவுனம்மாள் தேசப்பனுக்கு அத்தை முறை. சத்தம் போடாமல் கேட்டாள்.

"நீயா தேசப்பா?"

தேசப்பன் கோட்டுப் பித்தானைத் திருகினார். "நா இன்னா பண்ணேன் அத்தே? மொழிஞ்சது அவரு. நா வழிதான மொழிஞ்சேன்."

யாரும் வையவில்லை. புஷ்பவல்லி மட்டும் தலைகுனிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

அதன் பிறகு அவர் வீட்டில் சோறு உண்டு, பேச்சு இல்லை. நாலாம் நாள் சாயந்தரம் என்னிடம் வந்தார். கோட்டு இல்லை. தீர்மானம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் முன்மொழிகிற தீர்மானம் என்றார். எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்து என்று தெரியக் கூடாதென்று அச்செழுத்து மாதிரி எழுதினேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், படிக்கத் தெரியாதே என்று அதை என்னிடமே நீட்டி, வாயால் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். இரண்டே வரி. ஒரு வாரம் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து உட்கார்ந்தார். என் ஐந்தாம் வகுப்பில் இவ்வளவு பாடுபட்டவன் ஒருவனும் இல்லை.

அடுத்த கூட்டத்தன்று பெண்களும் வந்துவிட்டார்கள். நான் வகுப்புக்கு விடுமுறை விட்டு, பெஞ்சுகளை அவர்களுக்குக் கொடுத்தேன். என் வீரம் அவ்வளவுதான். அன்றைக்கு தேசப்பன் தூங்கவில்லை. பதினோரு தீர்மானங்கள் போயின, ஒன்றையும் வழிமொழியவில்லை. ஒவ்வொன்றுக்கும் கோதண்டம் பழக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு மெம்பரைத் தேட வேண்டியிருந்தது. கடைசியாக, பிற விஷயம் உண்டா என்று பிரசிடெண்ட் கேட்டதும் தேசப்பன் எழுந்தார். அரையடி அல்ல, முழுதாக.

"கொயாய எங்க குப்பத்துக்கே திருப்பிப் போடணும்னு நான் முன்மொழியறேன்."

நான் சொல்லிக்கொடுத்த இரண்டு வரியில் ஒன்றுதான் வந்தது. அதுவே போதுமாக இருந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

ஞானதுரை தலையை ஆட்டினார். ரொம்ப சந்தோஷம், மெம்பர் இப்படித்தான் கலந்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு சுற்றிலும் பார்த்து, வழிமொழிவது யார் என்று கேட்டார்.

ஏழு மெம்பர்களில் தேசப்பனும் பிரசிடெண்டும் போக ஐந்து பேர். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் வடையைப் பிட்டு, உள்ளே எதையோ தேடினார். மைத்துனருக்கு ரோடு வாங்கியவர் குடையை மடியில் வைத்து அதன் கம்பிகளை எண்ணத் தொடங்கினார். தேசப்பன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஐந்து பேரில் அவர் வழிமொழிந்து உபகாரம் செய்யாதவர் ஒருவரும் இல்லை. ஐந்தாவது ஆளையும் பார்த்து முடித்தார். கோதண்டம் பேனாவைத் தூக்கியபடி, விஷயம் முடிந்தது என்கிற குரலில், "வழிமொழிபவர் யாருமில்லை..." என்று இழுத்தார்.

குரல் இறங்கியது.

"வழிமொழியறேன்" என்றார் தேசப்பன்.

சிரிப்பு வெடித்தது. வடையைப் பிட்டவருக்குப் புரையேறிவிட்டது. ஞானதுரை மட்டும் சிரிக்கவில்லை.

"மொழிஞ்சவுகளே வழிமொழியப்படாது மெம்பர். சட்டத்துல எடமில்ல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கூட்டம் கலைந்தபின் கோதண்டத்தின் மேஜைக்குப் போய், தாம் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாராம். வழிமொழியப்படாத தீர்மானத்தைப் புத்தகத்தில் ஏற்றுவதில்லை என்று கோதண்டம் சொல்லிவிட்டார். எட்டு வருஷத்தில் அந்த மனிதர் தாமாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். போர்டைப் பொறுத்தவரை அவர் அதைச் சொல்லவே இல்லை.

ஆடியில் மேற்கு விஸ்தரிப்பில் குழாய் திறந்தார்கள். வாழை மரம் கட்டி, நாதசுரம் வைத்து, ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டுத் திறக்கச் செய்தார்கள். எருமைகள் தண்ணீர் குடித்தன. தேசப்பனுக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. ராஜிநாமா செய்துவிடுவார் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை. ராஜிநாமாவுக்கும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை காலை நான் மீஞ்சூர் வண்டிக்காக ரெயில்வே கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தேன். குழாயடியில் குப்பத்துப் பெண்கள் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் தேசப்பன், இடுப்பில் பித்தளைக் குடத்தோடு நின்றார். கேட்காரர் அவரைப் பார்த்துவிட்டார். மெம்பர் எதற்காக நிற்க வேண்டும், முன்னால் வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று உரக்கக் கூப்பிட்டார். தேசப்பன் பெண்களைப் பார்த்தார். கேட்காரரைப் பார்த்தார். யாராவது கூப்பிட்டு அவர் போகாமல் இருந்ததில்லை. முன்னால் வந்து, குடத்தைக் குழாயடியில் வைத்தார்.

தண்ணீர் விழத் தொடங்கியது. வரிசையின் முதல் ஆள் பவுனம்மாள். காலால் அவர் குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் மண்குடத்தை வைத்தாள். அடியில் கல் மேடும் பள்ளமுமாக இருந்ததால் மண்குடம் சாய்ந்தது. தேசப்பன் சட்டென்று குந்தி உட்கார்ந்து, வேட்டி நனைய நனைய, அது நிரம்பும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.