லேசா ஒரு வாய்

சலூன்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘லேசா’ என்றால்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தவர், “ரொம்ப எடுத்துடாதீங்க” என்று சொல்லும்போதெல்லாம் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: “லேசாத்தான் சார்.” வேலை முடிந்து துணியை உதறினால் தரையில் கிடப்பதை வைத்து ஒரு தலையணை தைக்கலாம். ஆனாலும் யாரும் சண்டைக்குப் போனதில்லை. கத்தரிக்கோல் ஒரு பக்கம் வேலை செய்யும்போது லேசாவின் வாய் இன்னொரு பக்கம் வேலை செய்துகொண்டிருக்கும். மழை வருமா, மந்திரிசபை நிலைக்குமா, மளிகைக்காரர் மகள் ஏன் திரும்பி வந்துவிட்டாள் என்று பேச்சு ஓடுகிற ஓட்டத்தில் தலையில் என்ன நடந்தது என்று வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். காலி மனைக்கு வேலி போட்ட மாதிரி, காதுகளைச் சுற்றி மட்டும் முடி உள்ளவர். முடி வெட்டிக்கொள்ள உட்காரும் ஒவ்வொரு தடவையும், “முன்னாடி ஏதாவது தெரியுதா?” என்று கேட்பார். லேசா அவசரப்பட மாட்டார். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, “வளருது சார். போன தடவைக்கு இப்பத் தேவலை” என்பார். இதைப் பொய் என்று சொல்லக் கூடாது. முகத்துக்குப் பவுடர் போடுவது போல இதுவும் வேலையில் சேர்த்திதான்.

இப்படி ஒரு தெருவையே தலையாட்ட வைத்தவர், பல்கூட முளைக்காத ஒருத்தியிடம் தோற்று நின்றார். அவருடைய மகள்.

மகள் தாய்ப்பால் தவிர வேறெதையும் வாயில் வைத்தவள் இல்லை. அதில் யாருக்கும் புகார் இருந்ததும் இல்லை, லேசாவின் மனைவிக்கு விடுமுறை முடியப் போகிறது என்று தெரியும் வரை. அவர் பேருந்து ஓட்டுகிறவர். வெகுகாலம் அவருக்கென்று ஒரு வண்டி கிடையாது. யாருக்குக் காய்ச்சலோ அவருடைய வண்டி, யார் வீட்டில் கல்யாணமோ அவருடைய வழித்தடம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான் ஏரியைச் சுற்றிப் போகும் வழித்தடம் சொந்தமாகக் கிடைத்தது. ஆசை தீர ஓட்டுவதற்குள் ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே வயிறு இடம் கேட்டுவிட்டது, விடுமுறையில் வந்தார். இப்போது டிப்போ மேலாளர் போன் செய்து, “வண்டி உனக்காக நிக்குதும்மா. திங்கக்கிழமை வரைக்கும் நிக்கும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். நடுவில் வண்டியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடியாது. பயணிகள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைப்பது, வேளைக்கு லேசா அதைப் பாட்டிலில் கொடுப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்தார்கள். மூன்றாவது ஆளைக் கலந்துகொள்ளவில்லை.

முதலில் அம்மாவே கொடுத்துப் பார்த்தார். குழந்தை பாட்டிலைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. முதலாளியே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வாசல் காவலாளியிடம் நான் ஏன் பேச வேண்டும் என்கிற பார்வை அது. லேசா குறுக்கே புகுந்து நியாயம் பேசினார்.

“குட்டி, அதே பாலுடா. உங்கம்மாவோடதுதான். பாத்திரம்தான் வேற.”

குட்டி நாக்கால் நிப்பிளை வெளியே தள்ளிவிட்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அழுதாள்.

லேசாவின் அக்கா வந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் என்பதால் அவர் ஆலோசனை சொல்வதில்லை, தீர்ப்பு சொல்வார். “பசிச்சா தானா குடிக்கும். தாயி வாசனை வீட்டுல இருக்கிற வரைக்கும் குடிக்காது. நீ கொஞ்ச நேரம் வெளிய போம்மா” என்று தம்பி மனைவியைத் துரத்திவிட்டார். அவர் தெருமுனை வரைகூடப் போயிருக்க மாட்டார், போன் அடித்தது. பேசியது அதே அக்கா.

“எங்க இருக்கே? சீக்கிரம் வா. பிள்ளை மூச்சை அடக்குது.”

“பசிச்சா தானா குடிக்கும்னீங்களே அண்ணி?”

“எல்லாப் பிள்ளையும் குடிக்கும். இது உங்க வகையறா.”

நிப்பிளை மாற்றிப் பார்த்தார்கள். உருண்டை, தட்டை, ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு டப்பாவில் ‘அன்னையைப் போலவே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குழந்தைக்கு இன்னும் படிக்க வராததால் அதன் பயன் முழுமையாகக் கிடைக்கவில்லை. சாவிக்காரர் அந்த நிப்பிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “டூப்ளிகேட்டுன்னு கண்டுபிடிச்சிடுது. நம்ம கடையில இப்படி மாட்டலைன்னா கொஞ்சம் ராவிக் குடுப்போம்” என்றார். அரத்தை எடுப்பதற்குள் லேசா திரும்ப வாங்கிக்கொண்டார்.

சூட்டிலும் ஒரு சிக்கல் வந்தது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, “இதமா இருக்கு” என்றார் லேசா. மனைவி தன் கையில் விட்டுப் பார்த்துத் துள்ளிவிட்டார். சவரத்துக்கு வெந்நீர் பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. அந்தக் கைக்கு இதம் என்றால் மற்றவர்களுக்கு ஒத்தடம். அன்றிலிருந்து சூடு பார்க்கிற வேலை மட்டும் லேசாவிடமிருந்து பறிக்கப்பட்டது.

அம்மா வாசனை இருந்தால் ஏமாறும் என்று யாரோ சொல்ல, மனைவியின் டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார்ந்தார். பொத்தான் பூட்டவில்லை, தோள் பிதுங்கியது. குழந்தை மூக்கைச் சுருக்கி முகர்ந்தது, நம்பிக்கையோடு சட்டைப் பையை நோக்கி வாயைக் கொண்டுபோனது, அப்புறம் நிமிர்ந்து மேலே இருந்த மீசையைப் பார்த்தது. அது போட்ட சத்தத்தில் கடைக்கு வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, “என்ன லேசா, தொழிலை மாத்திட்டியா?” என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், “குடு இங்க” என்று குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது முழுக்க முழுக்கக் கவலை அல்ல. கேட்டால் வேறொன்றும் இல்லை என்று அடித்துச் சத்தியம் செய்வார். ஆனாலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்த பிறகு, “எழுதிக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன்” என்றார்.

“என்னத்தை?”

“வேலை வேண்டாம்னு. இவ பட்டினி கிடப்பா, நான் ஏரியைச் சுத்திக்கிட்டு இருப்பேனா?”

மனைவி காலித் தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் இடப் பக்கம், கொஞ்சம் வலப் பக்கம் என்று திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை. லேசாவுக்குத் தெரிந்தது, ஏரிக்கரை வளைவு ஒவ்வொன்றும்.

சனிக்கிழமை, இத்தனை நாள் கழித்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். போவதா வேண்டாமா என்று நின்றவரை லேசாதான் அனுப்பினார். மாடியில் வீடு, கீழே கடை. குழந்தையை அக்கா மாடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு வழியாக முதலில் அழுகை இறங்கி வந்தது, பின்னால் அக்கா வந்தார்.

“இந்தா பிடி. என் காது போச்சு. பாட்டில் இந்தா, சூடு பார்த்தாச்சு.”

நாற்காலியில் சாவிக்காரர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு.

“சார், லேசா எந்திரிங்க.”

“பாதியிலயா?”

“லேசாத்தான் சார்.”

கடை திறந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் லேசா உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தார். கால் அவ்வளவு சோர்ந்திருந்தது. குழந்தையைத் தன் பக்கம் திருப்பி முகத்தோடு முகம் பார்க்கக்கூடத் தெம்பில்லை. அதன் முதுகு தன் வயிற்றில் சாய, மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் அடுத்து என்ன என்று கைக்குத் தெரியும். அது தானாகப் போய் வெள்ளைத் துணியை இழுத்து இருவர் மேலும் போர்த்தியது. எதிரே கண்ணாடியில் ஒரே துணிக்கு மேல் இரண்டு தலைகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, யார் இவர்கள் என்று பார்த்தது.

கண்ணாடியில் ஒரு முகம் தன்னைப் பார்த்தால் லேசாவின் வாய் சும்மா இருக்காது.

“வாங்க மேடம். ரொம்ப நாளா ஆளையே காணோம், வெளியூரா?”

குழந்தை புருவத்தைத் தூக்கியது.

“வெயிலைப் பார்த்தீங்களா? ராத்திரி மழை வரும்ங்கிறாங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. போன வாரமும் இப்படித்தான் சொன்னாங்க, துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டோம், ஒரு தூறல் இல்லை.”

“எனக்குக் கன்னம் காயுது” என்றார் சாவிக்காரர்.

“இருங்க சார், மேடம் அவசரமாப் போகணுமாம். சொல்லுங்க மேடம், ரொம்ப வேண்டாம்தானே? லேசாத்தான்.”

சவரக்கத்தி எப்படி வருமோ அப்படி வந்தது பாட்டில். பின்னாலிருந்து, பக்கவாட்டில், பேச்சின் நடுவே. லேசா அதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் அந்த அம்மணியின் கண்ணை விடாமல், மந்திரிசபை விரிவாக்கம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். இதுவரை எல்லாத் தடவையும் எதிரே உட்கார்ந்து, கைமாற்றுக் கேட்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவரிடமும் அவர் சம்மதம் கேட்டதில்லை. ஊர்க் கதை சொல்வார், அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

கதை கேட்க வாய் திறந்தது. பாட்டில் உள்ளே போனது. ஒரு இழுப்பு. ஒரு யோசனை. இன்னொரு இழுப்பு.

வாசலில் நின்ற அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியிலேயே அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டினார் லேசா. ஜென்மத்தில் முதல்முறையாக அக்கா சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கினார். மந்திரிகளுக்கு இலாகா ஒதுக்கி முடிந்தபோது பாட்டிலும் காலியாகியிருந்தது.

மனைவி திரும்பி வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் காலிப் பாட்டில். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யார் கொட்டினது?”

“குடிச்சது.”

“யாரு?”

“மேடம்.”

நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, “என்னைத் தேடலையா?” என்றார்.

லேசா அவசரப்படவில்லை. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, “தேடாம? வாசலையே பார்த்துக்கிட்டுத்தான் குடிச்சா” என்றார்.

“இது சாவிக்கார அண்ணன்கிட்ட பேசுற குரல்.”

லேசா சீப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மனைவி சிரித்தார், சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்து, அம்மாவைப் பார்த்து, நடுவில் எதுவுமே நடக்காதது போல அவரிடம் தாவியது.

திங்கட்கிழமை. ஏரி வண்டி சலூன் வழியாகத்தான் போகும். ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அடித்தால் காரியம் கெடும். துணி போர்த்தியாகிவிட்டது, பாட்டில் வாயில் இருக்கிறது, லேசா காய்கறி விலையில் ஆரம்பித்திருக்கிறார். சாவிக்காரருக்கு அன்று கடையில் வேலை இருந்தது. இருந்தும் வந்து சுவரோரம் நின்றார்.

கண்ணாடியில் தெரு தெரிந்தது, தெருவில் வண்டி வந்தது. ஹாரன் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் சலூனைத் தாண்டினால் வளைவு. கியரை இறக்கியாக வேண்டும். அதை எல்லா டிரைவரும்தான் இறக்குவார்கள். இவர் இறக்கும்போது மட்டும் எஞ்சின் ஒருமுறை செருமிக்கொள்ளும். குழந்தை வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்ட செருமல்.

குழந்தை நிப்பிளை விட்டது. கண்ணாடியை விட்டுத் திரும்பி, நேராக வாசலைப் பார்த்தது. மோவாயில் பால் வழிந்தது. வண்டியின் பின்பக்கம் மறைகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தது.

லேசாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய தொழிலில் அது ஆபத்து. உதடு பிதுங்கத் தொடங்கியது, குழந்தைக்கு மட்டும் அல்ல.

“மேடம்,” என்றார் சுவரோரம் நின்ற சாவிக்காரர், தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “மழை வரும் போலத்தான் இருக்கு.”

குழந்தை திரும்பி, கண்ணாடியில் அவருடைய தலையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தது. பாட்டில் மறுபடி பக்கவாட்டில் வந்தது.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து கடைக்குள் வந்ததும் லேசா அதைத்தான் முதலில் சொன்னார்.

“இன்னைக்கு நிஜமாவே தேடினா. நீ கியர் போட்ட சத்தம் கேட்டதும் குடிக்கிறதை விட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா.”

“அந்தக் குரலை வெச்சுக்கிட்டு எங்கிட்ட வராதீங்க.”

“அட, சத்தியமா.”

“போன தடவையும் வாசலையே பார்த்தாளாமே.”

கடையைப் பூட்டிக்கொண்டிருந்த சாவிக்காரர் தலையை நீட்டினார். “இல்லம்மா, நிஜம்தான். நான் இங்கதான் நின்னேன். உன் வண்டி போற வரைக்கும் கண்ணை எடுக்கலை. லேசா பொய் சொல்லலை.”

அவர் சாவிக்காரரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

சாவிக்காரர் போகவில்லை. வாசல்படியில் நின்று உள்ளங்கையால் தலையைத் தடவிக்கொண்டார்.

“அப்ப இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நீயே ஒத்துக்கிற.”

“ஆமாண்ணே.”

“அப்ப என் முடி?”

கண்ணாடியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொன்னது லேசா அல்ல.

“வளருதுண்ணே,” என்றார் அவர், அவசரப்படாமல். “போன தடவைக்கு இப்பத் தேவலை.”