சரோஜாம்மாவின் தொண்டையும் என் கத்தரியும்

ஒரு பெண்மணியின் குரலைக் காப்பாற்றியவன் நான் என்று எத்தனையோ கல்யாணப் பந்திகளில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பாயசம் வருவதற்குள் முடிந்துவிடும், அவ்வளவு கச்சிதமான கதை. ஒரே குறை, அது பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் கறிக்கடை வாசலில் நின்றபோதுதான் இது உறுத்த ஆரம்பித்தது. பாய் ஆட்டுத்தலையை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் மற்றவர்களுக்கு மிளகுக் குழம்பு ஞாபகம் வரும். எனக்கு ஆபரேஷன் தியேட்டர். மனிதச் சதை கருகினாலும் ஏறக்குறைய இதே வாசனைதான். பந்தியில் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவேன்.

அப்போது நான் மருத்துவக் கருவி விற்பவன். முப்பது வயது, பாதி வழுக்கை, முழு டை. வெட்டுகிற இடத்தில் கசியும் ரத்தத்தைச் சுட்டு அடைக்க டாக்டர்களிடம் ஒரு மின்சாரக் கருவி இருக்கும். காலால் பெடலை அழுத்தினால் நுனி சுடும், புகை வரும். நான் விற்றது அதைவிடப் புதுசு. கத்தரி மாதிரிப் பிடித்து அழுத்தினால், அதிர்ந்தே ரத்தக்குழாயை மூடி வெட்டிவிடும். "புகையில்லை, சூடில்லை" என்பது நான் ஒப்பித்துத் திரிந்த வரி. அதை எழுதியவர் கருவியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். நானும்தான்.

குடியிருந்தது சரோஜாம்மா வீட்டு மாடியில். தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பும்போதே, "வண்டி வந்துட்ச்சி, கொடத்த எட்தாங்கடீ!" என்று கீழேயிருந்து ஒரு குரல் கிளம்பும். சுற்றியுள்ள நான்கு தெருக்களுக்கும் அதுதான் மணி. அது காதில் விழாதவர்களுக்கு அன்று குளியல் கிடையாது.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. தைராய்டு. தி. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் எடுத்துவிடலாம் என்றார்கள். கூடவே, குரலுக்கான நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டி ஓடுகிறது, சூடு பட்டால் பேச்சு கெடலாம் என்றும் சொன்னார்கள். சரோஜாம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

"கொரலு பூட்ச்சின்னா லாரிக்காரன் எனக்கு பயப்புடுவானா?"

கட்டியோ வளர்ந்தது. படுத்தால் மூச்சு இரைவது மாடிவரை கேட்டது. ஒருநாள் நான் போய் உட்கார்ந்து என் வரியை ஒப்பித்தேன். "நம்ம மெஷின்ல சூடே இல்லம்மா. நரம்புக்கு ஒண்ணும் ஆவாது."

"நெசமா?"

"நானே பக்கத்துல நிக்கறேன்."

என்னை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்.

கருவியைச் செய்து காட்ட வந்தவன் என்ற பெயரில் தியேட்டரில் சுவரோரம் நின்றேன். மேலே இருந்த பெரிய குழாய்களைக் கத்தரி ஜோராக மூடியது. நான் மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டேன். நரம்பின் அருகில் வந்ததும் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா கத்தரியின் நுனியை ஈரத் துணியில் வைத்துப் பார்த்தார். 'உஸ்' என்றது.

"சூடில்லைன்னீங்களே சார்?"

"கொஞ்சம்... ஆறணும் டாக்டர்."

அந்த நேரம் பார்த்து நரம்பை ஒட்டி ரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. என் கத்தரி மேசைக்குப் போனது. பெடல் கருவியைத் தொடவே கூடாது. இரண்டு நுனிக்கு நடுவில் மட்டும் சுடுகிற சாமணம் ஒன்று உண்டு. இவ்வளவு பக்கத்தில் அதுவும் வேண்டாம் என்றார். துணியை வைத்து விரலால் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். நான் கபாலீஸ்வரரில் தொடங்கி, சாந்தோம் மாதா வரைக்கும் போய்விட்டேன். விரலை எடுத்தபோது கசிவு அடங்கி, மயிரிழைக் குழாய் ஒன்று தெரிந்தது. நூல் கேட்டார். ஒரு முடிச்சு. அவ்வளவுதான்.

மயக்கம் தெளிந்ததும் "பேர் சொல்லுங்கம்மா" என்றாள் நர்ஸ். சரோஜாம்மா அறையைச் சுற்றிப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, கரகரவென்று கேட்டார்: "லாரி வந்ட்ச்சா?"

வந்திருந்தது. கூப்பிட ஆளில்லாமல் தெருவில் பாதிக் குடங்கள் காலி. நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, டையில் துடைத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "நம்ம மாடிவூட்டுத் தம்பி மெஷின்தான்" என்றார் சரோஜாம்மா. நான் தரையைப் பார்த்து அடக்கமாக நின்றேன்.

அந்த வீடு இப்போது ஐந்து மாடி. போனில் பதிந்தால் லாரி ஓசைப்படாமல் வந்து, கீழ்த்தொட்டிக்குள் குழாயை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பெயிண்டில் பெயர் எழுதிய குடங்களும் இல்லை, அவற்றை யார் நகர்த்தினார்கள் என்ற சண்டையும் இல்லை. தண்ணீர் வந்தது யாருக்கும் தெரிவதில்லை.

சரோஜாம்மா பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே போனேன். முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கழுத்துத் தழும்பு சுருக்கங்களோடு சுருக்கமாகிவிட்டது. "அம்மா, சூடில்லன்னு நான் சொன்னது பொய். நரம்பாண்ட டாக்டர் நூல்லதான் கட்டினாங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "டாக்டரம்மா அன்னிக்கே சொல்ட்ச்சி. மூலைல நின்னுக்கினு வெலவெலத்துப் பூட்டியாமே. பாவம், ஒன் மெஷினாச்சும் விக்கட்டும்னு நாலு பேராண்ட சொல்லி வெச்சேன். அந்தம்மா வாங்கிச்சா?"

"இல்லம்மா."

"வேற எவனாச்சும்?"

"இல்லம்மா."

ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார். "பின்ன இன்னாத்துக்குடா அந்த டைய கட்டிக்கினு திரிஞ்ச?"