மஞ்சள் கருவின் சூடு

அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியில் முட்டையின் வெள்ளைக்கரு தோலுக்குப் போகும். அதைப் பூசித் தேய்த்தால்தான் தோலுக்கு மினுமினுப்பு ஏறுமாம். மிச்சமாகும் மஞ்சள் கரு தூக்குச் சட்டியில் எங்கள் வீட்டுக்கு வரும். ஊரில் வேறு யாருக்கு வாய்க்கும் இந்தப் பாக்கியம் என்று அப்பாவுக்கு ஏகப் பெருமை.

அம்மாவுக்குத்தான் பயம். முட்டையின் சூடெல்லாம் மஞ்சளில்தான் இருக்கிறது, குளிர்ச்சியைத் தோல் குடித்துவிட்டுச் சூட்டை நம் தலையில் கட்டுகிறது என்பது அவள் கட்சி. அதனால் மஞ்சள் கரு தின்ற கையோடு நான் ஒரு சொம்பு மோர் குடித்தாக வேண்டும். அப்படியும் முகத்தில் வேனல் கட்டி வந்துவிட்டால் வசவு அப்பாவுக்கு.

ஒரு கோடையில், எங்களோடு இருந்த சித்தியைப் பெண் பார்க்கக் கலவை ஊரிலிருந்து வந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பெண். அம்மாதான் அவளுக்கு எல்லாம். அதற்கு முன் வந்தவர்கள், தோல் வாடை அடிக்கிற வீடு என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போயிருந்தார்கள். இதுவும் தட்டிப் போய்விடக் கூடாதே என்று அம்மா வேண்டாத தெய்வமில்லை. பக்கத்து வீட்டு பாயம்மாவிடம் பக்குவம் கேட்டு, பாலும் சர்க்கரையும் நெய்யும் ஏலக்காயும் போட்டு, மஞ்சள் கருவில் அல்வா கிளறி வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் வாசலில் மேய்ந்த கோழியைப் பார்த்தாள்.

"கோழி வளக்கறீங்களா? முட்டை மட்டும் எங்க வூட்டுக்கு ஆவாதும்மா. ஒரே சூடு."

அதற்குள் சித்தி அல்வாத் தட்டோடு வந்து நின்றுவிட்டாள். அம்மா எங்களைப் பார்த்து ஒரு முறை முறைத்தாளே, நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் வாங்கி ஒரு வாய் போட்டாள். உடனே இன்னொரு வாய்.

"இன்னாம்மா போட்டீங்க இதுல? வழுக்கிக்கினு எறங்குது!"

"பாலுங்க..." என்று அம்மா இழுப்பதற்குள் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

"மஞ்சக்கருங்க! எங்க டேனரி சரக்கு!"

சித்தியின் கையிலிருந்த தட்டு தடதடவென்று ஆடியது. அந்த அம்மாள் நிமிர்ந்து சித்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ வெள்ளக்கரு?"

"அது தோலுக்குப் போய்ட்ச்சிங்க" என்றார் அப்பா, சுருதி இறங்கி.

"அப்டி சொல்லுங்க! சூடெல்லாம் அந்த வெள்ளையிலதானே இருக்குது? இது குளிர்ச்சி. இன்னும் கொஞ்சம் வை கண்ணு" என்று சித்தியிடமே கிண்ணத்தை நீட்டினாள்.

"அதத்தாங்க நானும் சொல்லிக்கினே இருக்கேன்!" என்றாள் அம்மா, கூசாமல்.

எனக்கு வந்ததே கோபம்! அப்படியானால் நான் குடித்த மோரெல்லாம் எதற்கு? அவர்கள் வண்டி கிளம்பியதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"சூடு எதுலதாம்மா இருக்குது?"

"கல்யாணம் முடியட்டும், சொல்றேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கல்யாணம் முடிந்தது. சூடு மறுபடி மஞ்சளுக்கே திரும்பி வந்தது, மோரும் வந்தது. பெரியவர்களுக்கு முட்டையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று நான் தீர்மானித்துவிட்டேன். அன்று அந்த அம்மாள் முட்டையைப் பற்றி யோசிக்கவே இல்லை, தட்டைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கியதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது எங்கே தெரிந்தது!